எறும்பு பார்க்கப் போன வீடுகள்

என் இடது காலின் சுண்டுவிரலில் இன்று காலை ஒரு வெள்ளைக் கொப்புளம் எழும்பியிருக்கிறது. அரிசிமணியைவிடச் சிறியது. சுற்றிவரச் சிவந்து, தொட்டால் சுள்ளென்கிறது. நேற்றுக் கொடிகாமத்தில் ஒரு வீட்டார் தங்கள் தென்னங்கன்றின் அடியை வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அங்கே வாங்கி வந்த கடி இது. சப்பாத்துப் போட்டுக்கொண்டு போ என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். நான் செருப்போடுதான் போனேன். குசினிக் கதிரையில் இருந்து காலைத் தூக்கிப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எறும்பு கடிச்சதுக்கு ஆரும் சிரிப்பினமோ?" என்று என் கணவர் கேட்டார்.

இவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் உன்னிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அதைவிட உனக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் கலியாணம் கட்டிக் கோப்பாய்க்கு வந்த காலத்திலிருந்து நீ எனக்குப் பக்கத்து வளவு, நடுவில் ஒரு வேலிதான். மருத்துவிச்சியாக ஊரூராய்ச் சைக்கிளில் திரிந்தவள், பென்சன் எடுத்தபின் சும்மா இருக்கத் தெரியாமல் பூச்செடிகளில் இறங்கினாய். ஒரு செடி உன் வளவில் இரண்டாகப் பிரிந்தால் ஒன்று வேறு யாருக்கோ போய்விடும். நீ பிள்ளைப்பேறு பார்த்த வீடுகள், கூட வேலை செய்தவர்களின் வீடுகள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்து கதைத்தவர்களின் வீடுகள் என்று அதற்கு ஒரு கணக்கே இல்லை. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப உனக்கு மனம் வராது.

எறும்பு வந்த வருடம், தை மாதம், பென்சன்காரர் எல்லாரும் சேர்ந்து கண்டிப் பக்கம் ஒரு பஸ் பிடித்துப் போனீர்கள். மற்றவர்கள் தேயிலையும் பழமும் வாங்கி வந்தார்கள். நீ தெருவோரத்துக் கன்றுக்கடை ஒன்றில் இறங்கி அந்தூரியம் வாங்கி வந்தாய். சிவப்பு, வெள்ளை, றோஸ். மடியில் ஒன்று, காலுக்கிடையில் சில, பக்கத்தில் இருந்தவரின் மடியிலும் ஒன்று. "பள்ளம் வாற நேரமெல்லாம் என்னை விட்டிட்டுச் செடியைத்தான் பிடிச்சவ" என்று அந்தப் பக்கத்துச் சீற்றுக்காரர் பிறகு என்னிடம் முறையிட்டார். பங்குனி முடிவதற்குள் அந்த அந்தூரியங்கள் பிரிந்து, புதுச் சாடிகளில் ஏறி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

எறும்பை முதலில் கண்டது உன் கோழிதான், பாவம். ஆனி மாதத்தில் அது அடைகாத்து, குஞ்சுகள் ஓட்டை உடைக்கத் தொடங்கிய நேரம், வெளியே வரமுதலே எறும்பு உள்ளே போய்விட்டது. நீ வெறும் கோதுகளைக் கையில் வைத்துக்கொண்டு வேலிப் பொட்டு இடைவெளியால் என்னைக் கூப்பிட்டாய். பேறு பார்த்த கைகள் அல்லவா, அன்றைக்கு உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு உன் கிணற்றடியில் மண் பொரிந்து, அரித்து வைத்த மா போலக் குவிந்து கிடந்தது. வாசல் என்று ஒரு துவாரமும் அதில் தெரியவில்லை. நீ தடியால் ஒரு தட்டுத் தட்டினாய். குவியல் முழுவதும் சிவப்பாக எழும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடுவோம் என்று எனக்குத் தெரியாது.

ஆவணியில் அது எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குள் வந்துவிட்டது. புல்லுப் பிடுங்க வந்த பெண்கள் வரம்பில் குந்தியிருந்தவர்கள், ஒருமிக்கக் கத்திக்கொண்டு எழும்பினார்கள். அவர்களில் மூத்தவள் கால்களை வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. பாம்பெண்டாலும் கண்டு விலத்தலாம். இது சத்தமில்லாமல் ஏறி நிண்டு, எல்லாம் ஒரே நேரத்திலை குத்துது. நாங்கள் இனி உங்கடை தோட்டத்துக்கு வரேலாது."

புல்லுக்குள் வெங்காயம் மறைந்துகொண்டு போனது. இவருக்கு யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. கிடைத்தவர்களை எல்லாம் கோபித்தார்.

விவசாயப் போதனாசிரியரைக் கூட்டி வந்தது நீதான். இளம் பொடியன். குந்தியிருந்து ஒரு கண்ணாடியால் பார்த்தார். எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இருந்த வீட்டார் எல்லாரும் சுற்றிவர நின்றோம்.

"இது எங்கடை பக்கத்து எறும்பு இல்லை. நெருப்பெறும்பு. நான் இஞ்சை இதுவரைக்கும் காணேல்லை" என்றார் அவர். "மண்ணோடைதான் வந்திருக்கோணும். ஆரும் வெளியிலை இருந்து பூக்கண்டு கிண்டு கொண்டு வந்தனீங்களோ?"

இவர் எனக்குப் பக்கத்தில் நின்றார். பெண்கள் கொப்புளக் கால்களோடு எதிரே நின்றார்கள். நான் உன்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தேன்.

"நான்தான் தம்பி" என்றாய் நீ. "கண்டிப் பக்கத்திலை இருந்து பஸ்ஸிலை மடிக்குள்ளை வைச்சு, பச்சைப் பிள்ளையைக் கொண்டு வாற மாதிரிக் கொண்டு வந்தனான். கொண்டு வந்தது காணாதெண்டு ஊரெல்லாம் குடுத்தும் போட்டன். இப்ப என்ன செய்யோணும் எண்டு சொல்லும்."

உன் குரலில் வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. மழை வருகிறது, உடுப்பை எடுங்கோ என்பதுபோலச் சொன்னாய். இவர் சண்டைக்கு வாயைத் திறந்தவர், அந்த வாயைக் கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று போதனாசிரியரைக் கேட்டார்.

அவர் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே விளங்கப்படுத்தினார். சுடுதண்ணி ஊற்றினால் மேலே இருப்பவைதான் சாகும், ராணி ஆழத்தில் இருக்கும். மெல்லக் கொல்லும் மருந்தை இரையோடு கலந்து வைத்தால் எறும்புகளே அதைச் சுமந்துபோய் ராணிக்குக் கொடுக்கும். ஒருமுறை வைத்தால் போதாது, திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். அதையும் மழைக்கு முன்பு செய்து முடிக்க வேண்டும்.

"மழை வந்தால் என்ன, தண்ணியிலை தாண்டு போகாதோ?" என்று கேட்டாய்.

"தாழாது அன்ரி. ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொண்டு தெப்பம் மாதிரி மிதக்கும். வெள்ளம் போற இடமெல்லாம் போய் இறங்கும்."

மாரி வெள்ளம் எங்கள் ஒழுங்கையால் இறங்கி எந்தத் தோட்டங்களுக்குள் எல்லாம் போகும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பிறகு இவர்தான் உன்னிடம் சொன்னார்.

"நீங்கள் குடுத்த சாடியள் எங்கையெங்கை நிக்குதெண்டு தேடுங்கோ. நான் இந்தமுறை விதை வெங்காயம் வெளியிலை ஒருதருக்கும் குடுக்கமாட்டன். எங்கடை மண் ஒழுங்கையைத் தாண்டப்படாது."

அடுத்த நாள் நீ ஒரு சாடியை அப்படியே தண்ணீர்ப் பேசினுக்குள் அமிழ்த்திவிட்டு என்னைக் கூப்பிட்டாய். தண்ணீரின் மேல் எறும்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஒரு சிவப்புப் பணியாரம் போல மிதந்தன. கீழே இருப்பவை மேலே வருவதும் மேலே இருப்பவை கீழே போவதுமாக இருந்தன.

"எடி, தாயையும் குஞ்சுகளையும் நடுவிலை வைச்சிருக்குதுகள், பார்" என்றாய்.

"இதுகளை அழிக்கிறதோ, இல்லாட்டி இருந்து பாக்கிறதோ?" என்று கேட்டேன்.

"அழிக்கத்தான் போறம். அதுக்காக வடிவில்லை எண்டு சொல்லேலுமோ?"

அதன்பிறகுதான் எங்கள் ஊர்வலம் தொடங்கியது. ஸ்கூட்டர் என்னுடையது. ஓடுவது நான், பின்சீற்றில் நீ. உன் மடியில் ஒரு பை நிறைய வறுத்த கச்சான் கடலை. அதை இடித்து, கடதாசித் துண்டில் வைத்துச் சாடிக்குப் பக்கத்தில் விட்டால், நெருப்பெறும்பு இருக்கிற வளவென்றால் கொஞ்ச நேரத்தில் கடதாசி சிவந்துவிடும். எறும்புக்கு வைத்ததைவிட வழியில் நீ கொறித்தது கூட.

எனக்கு அதுவரை பிறர் வீடுகளுக்குப் போவதென்றால் ஒரு கூச்சம். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் தவிர யாருடைய படலையையும் நான் திறந்ததில்லை. நீயோ படலையைக் காலால் தள்ளிக்கொண்டு, "இருக்கிறியளோ?" என்று கேட்டபடியே குசினிவரை போய்விடுவாய். போன இடமெல்லாம் கோப்பி, பலகாரம், நீ பிறப்பித்த பிள்ளைகளின் அணிவகுப்பு. தாடி வைத்த ஆம்பிளைகள் வந்து உன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். "இவன் கால் முதல் வந்தவன், கொஞ்சப் பாடோ படுத்தினவன்" என்று அவர்களுடைய மனைவிமாருக்கு முன்னால் சொல்லுவாய்.

யாழ்ப்பாணத்தில் அந்த வீட்டை நினைவிருக்கிறதா? முன்னறிவித்தல் இல்லாமல் இரண்டு பெண்கள் வந்து இறங்கியதைப் பார்த்ததும், நாங்கள் மகனுக்குச் சம்பந்தம் பேசத்தான் வந்திருக்கிறோம் என்று தாய்க்காரி நினைத்துவிட்டா. எங்களை இருத்தி, அறைக்குள் ஓடி, மகனைச் சேட்டு மாற்றச் சொல்லி, சாதகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு அவ திரும்பி வந்தபோது கதிரையில் நான் மட்டும்தான் இருந்தேன். நீ விறாந்தையில் பூச்சாடி வாங்குக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாய்.

"அக்கா என்ன தேடுறா?" என்று அவ மெல்லக் கேட்டா.

"எறும்பு" என்றேன்.

அவவின் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை. ஆனால் வெளியே வந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, நிலைமையை ஒரே பார்வையில் பிடித்துவிட்டாய். "எறும்பு இல்லை, நல்ல வீடு. அந்தச் சாதகத்தைத் தாருங்கோ பாப்பம்" என்று வாங்கிப் பைக்குள் வைத்தாய். கச்சானோடு சாதகமும் சேர்ந்து திரிந்தது. உரும்பிராயில் எறும்பு பார்க்கப் போன இன்னொரு வீட்டில், எறும்பும் இருந்தது, பொருத்தமான ஒரு பெட்டையும் இருந்தாள். எறும்புக்கு மருந்து வைக்கக் கிழமைக்கு ஒருமுறை போன சாட்டில் அந்தச் சம்பந்தத்தையும் பேசி முடித்துவிட்டாய்.

கடைசியில் ஒரே ஒரு சாடிதான் மிஞ்சியது. அது மானிப்பாயில், உன் அக்கா வீட்டில்.

நீ அக்காவுக்குக் கொடுக்கவில்லை. அக்காவின் மகளுக்குக் கொடுத்தாய். அவள் வைகாசியில் வெளிநாடு போகும்போது தாயிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். நீயும் அக்காவும் கதையாமல் விட்டுப் பல வருடங்கள். காரணம் கேட்டால் இரண்டு பேரும் இரண்டு காரணம் சொல்லுவீர்கள், இரண்டுமே உங்கள் அம்மாவின் செத்தவீட்டில் யாரோ யாருக்கோ சொன்ன ஒரு சொல்லில் போய் முடியும். அந்த வீட்டுக்குப் போவதை நீ ஒவ்வொரு கிழமையும் தள்ளிக்கொண்டு வந்தாய். புரட்டாதி பிறந்துவிட்டது.

"நீ போய்ப் பாத்திட்டு வா. நான் சந்தியிலை நிக்கிறன்" என்றாய்.

"நான் ஆரெண்டு சொல்லிப் போறது?"

"எறும்புக்காரி எண்டு சொல்லு."

நான் ஸ்கூட்டரைச் சந்தியில் நிறுத்தவில்லை. நேரே கொண்டுபோய்ப் படலையில்தான் நிறுத்தினேன். அத்தனை வீடுகளுக்குள்ளும் கேளாமல் நுழைந்தவள், அந்தப் படலையில் மட்டும் கையை வைத்துக்கொண்டு நின்றாய். பிறகு அக்காவே வெளியே வந்தா.

"ஆரைப் பாக்க வந்தனீ?"

"எறும்பைப் பாக்க."

"அப்ப பாத்திட்டுப் போ."

சாடி பின்பக்கம், குசினி வாசலடியில் இருந்தது. அந்தூரியம் அப்படிச் செழித்து நின்றதை நான் உன் வளவில்கூடப் பார்த்ததில்லை. அடியில் மண் பெரிய குவியலாகப் பொரிந்து கிடந்தது. கச்சான் வைக்கத் தேவையே இருக்கவில்லை. ஆனால் நீ அதைப் பார்க்கவில்லை. அக்காவின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்த வெயிலில் அக்கா நீளமான கம்பளிச் சொக்ஸ் போட்டிருந்தா.

"உது என்னத்துக்கு?"

"குளிர்."

"புரட்டாதி வெய்யிலிலை குளிரோ? இரு அதிலை."

அந்தக் குரல் பேற்று அறையில் பலருக்குச் சொல்லிப் பழகிய குரல். அக்கா இருந்துவிட்டா. நீ நிலத்தில் முழங்கால் குத்தி இருந்து சொக்ஸைக் கழற்றினாய். கணுக்கால்வரை கொப்புளங்கள். உடைந்தவை, காய்ந்தவை, புதியவை. ஒரு விரலோரம் சீழ் பிடித்திருந்தது. அக்காவுக்குச் சலரோகம், இரத்தத்தில் சீனி கூட. கால் விறைத்துப்போய், எறும்பு கடிக்கும்போது சரியாகத் தெரிவதில்லை. என்னவோ தொற்று வருத்தம் வந்துவிட்டது, சனத்துக்குத் தெரிந்தால் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று நினைத்து, கோயிலுக்கும் போகாமல் மாதக்கணக்காக உள்ளேயே இருந்திருக்கிறா.

"எப்ப தொடக்கம்?"

"வைகாசி தொடக்கம்."

"இந்தச் சாடி எப்ப வந்தது?"

அக்கா யோசித்தா. "அதுவும் வைகாசிதான்."

இரண்டு பேரும் திரும்பிச் சாடியைப் பார்த்தீர்கள். பிறகு அக்கா, உன்னைப் பாராமல், சாடியைப் பார்த்தபடியே சொன்னா. "நீ குடுத்ததெண்டு பிள்ளை சொன்னவள். பட்டுப்போகப்படாதெண்டு காலமையும் பின்னேரமும் பக்கத்திலை நிண்டு தண்ணி ஊத்தினனான்."

நீ அந்தக் காலை விடவில்லை. உன் தோள்கள் குலுங்கின. அழுகிறாய் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணீர் வழிய நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

"என்னோடை கோவமெண்டால் பூவோடையும் கோவிச்சிருக்கலாமே."

"பூ என்னடி செய்தது?" என்றா அக்கா. அவவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்குமட்டும் இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

அன்றைக்கே ஓட்டோ பிடித்து அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்த விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். விரல் தப்பியது. எறும்புக்கு மருந்து வைக்க என்று தொடங்கிய உன் மானிப்பாய்ப் போக்குவரத்து, எறும்பு ஒழிந்த பிறகும் நிற்கவில்லை. அங்கே போனால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து நான் வாய் திறக்க இடமே கிடைக்காது.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம். நீயும் நானும், எங்களோடு வந்து நின்ற அக்காவும், புல்லுப் பிடுங்குகிற பெண்களும் குடைகளோடு வேலியோரம் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சருகு வந்தது. தேங்காய்க் கோம்பை வந்தது. யாருடையதோ ஒற்றைச் செருப்பு வந்தது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கூச்சல் போட்டோம். சிவப்பாக ஒன்றும் மிதந்து வரவில்லை. பின்னேரம் மழை விட்டதும் அந்த மூத்த பெண் சேலையைப் பிழிந்துகொண்டே என்னிடம், "அக்கா, எப்ப நடுகைக்கு வரட்டும்?" என்று கேட்டாள். இவர் உள்ளே போய்த் தானே தேத்தண்ணி போட்டு எல்லாருக்கும் கொண்டு வந்தார். சீனி போட மறந்துவிட்டார். ஒருவரும் சொல்லவில்லை.

தை மாதம் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைக்கும் உரும்பிராய்ப் பெட்டைக்கும் கலியாணம். உன்னை முதல் வரிசையில் இருத்தினார்கள். மணவறைக்கு இரண்டு பக்கமும் சாடியில் அந்தூரியம் வைத்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்து எல்லாரும் அறுகரிசி போட வரிசையாகப் போனபோது, நீ குனிந்து சாடியின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையை வாழ்த்தினாய். வீடியோக்காரன் அதையும் எடுத்திருக்கிறான்.

அதற்கடுத்த புரட்டாதியில் நீ போனாய். நெஞ்சு நோகிறது என்று காலையில் சொன்னாய், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அக்காவின் மடியில் தலை வைத்திருந்தாய். எனக்கு அதில் ஒரு ஆறுதல்.

உன் செத்தவீட்டில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அக்காவும் நானும் உன் தலைமாட்டில் இருந்தோம். குடாநாட்டின் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ சனம் வந்தது. வந்தவர்கள் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அழுது, மூக்கைத் துடைத்து, என்னிடம் வந்து காதுக்குள் சொன்னார்கள். "எங்கடை வீட்டிலை சாடியெல்லாம் பாத்திட்டம். ஒண்டும் இல்லை." அடுத்தவர் வருவார். "பனை வடலியடியிலை கொஞ்சம் இருந்தது. மருந்து வைச்சிட்டன்." தாடிக்காரன் ஒருவன் விம்மி விம்மி அழுதுவிட்டு, "அன்ரி சொன்ன மாதிரி மழைக்கு முன்னம் முடிச்சிட்டன்" என்றான். அது நாலைந்து தரம் நடந்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. எனக்கும் வந்தது. நீ இருந்திருந்தால் எங்கள் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்திருப்பாய்.

எறும்பு முழுவதுமாக ஒழிந்துவிட்டது என்று நான் உனக்குப் பொய் சொல்லமாட்டேன். மண் லொறிகளும் கன்று லொறிகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு இடத்தில் முடிந்தால் இன்னொரு இடத்தில் தலைகாட்டுகிறது. யாராவது கண்டால் போதனாசிரியருக்குச் சொல்லுகிறார்கள், அவர் எனக்குச் சொல்லுகிறார். உன் இடத்தில் இப்போது அக்கா பின்சீற்றில் ஏறுகிறா. உன்னைவிடப் பாரம், வளைவுகளில் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேல்முருகனைக் கூப்பிடுகிறா. சப்பாத்தும் தடித்த சொக்ஸும் போடாமல் அவவை நான் ஏற்றுவதில்லை.

நாளைக்குக் கைதடியில் ஒரு வீடு. தெரியாத ஆட்கள். அந்த வீட்டு அம்மா ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டா, வெளியிலும் வரமாட்டா என்று அயலவர்கள் சொன்னார்களாம். முந்தி என்றால் அந்த ஒரு சொல்லே எனக்குப் போதும், படலையில் நின்று இருமிவிட்டுத் திரும்பியிருப்பேன். இப்போது அப்படிக் கேள்விப்பட்டால் கொஞ்சம் வேகமாகவே ஓடிப் போகிறேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் யாராவது ஒருத்தி காலை மூடிக்கொண்டு, எவராவது கேளாமல் உள்ளே வந்துவிடமாட்டார்களா என்று இருப்பாள். நான் படலையைக் காலால் தள்ளிக்கொண்டு, "இருக்கிறியளோ?" என்று கேட்டபடியே குசினிவரை போவேன்.